பார்வையற்ற பிள்ளைக்குப் பாடப்புத்தகப் படத்தைத் தொட்டுப் புரியவைப்பது எப்படி?

பாடப்புத்தகப் படத்தின் கோடுகள் மேல் தையல் நூலை ஒட்டிக் கொடுத்தால், ஆறாம் வகுப்பு படிக்கும் பார்வையற்ற உங்கள் மகள் அதைத் தடவிவிட்டு "வெறும் கோடுதானே" என்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்வது நியாயம்தான். மேசையை மூலையிலிருந்து பார்த்தால் பின்கால் மறையும் என்பது கண்ணின் கணக்கு. கைக்கு எதுவும் மறைவதில்லை. பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைகளில் சிலரை மேசை வரையச் சொன்னால், ஒரு சதுரமும் நாலு மூலையிலிருந்து நாலு பக்கம் நீளும் கால்களும் வரைவார்கள். ஆகவே மூலையிலிருந்து பார்த்ததுபோல் வரைந்த புத்தகத்துச் சாய்வுப் படத்தின் மேல் அப்படியே நூல் ஒட்டாதீர்கள். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ ஒரே ஒரு தோற்றம் போதும்.

நான் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சிறப்பாசிரியர். பூவின் பாகங்கள் பாடம் என்றால் முதலில் செம்பருத்தியைத்தான் கையில் கொடுப்பேன். இதழைப் பிய்த்து, நடுத்தண்டைத் தடவி, மகரந்தம் விரலில் ஒட்டி, நுனியில் ஐந்தாகப் பிரிந்த சூல்முடி வரை அவளே போகட்டும். அடுத்து இன்னொரு பூவை நீங்கள் நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்பட்ட பக்கத்தின் ஓரத்தை அவளை விரலால் சுற்றிவரச் சொல்லுங்கள். அந்த ஓரம்தான் படத்தின் கோடு. இந்த நடுப்படியை விட்டால் குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு எதுவுமே ஏறாது.

வரைபடத்துக்கு எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாயே வாத்தியார். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் சணல் கயிறு, நடுவே வெற்றிடம், அதில் மேற்கே போகும் பாரதப்புழை ஆற்றுக்கு மெல்லிய நூல். அட்டையைத் திசை பார்த்துத் தரையில் வைத்துவிட்டு, "மார்கழியில் மூஞ்சியில் அறையும் கிழக்குக் காற்று எந்த வழியா வருது, காட்டு கண்ணு" என்றால் விரல் தானாக அந்தச் சந்துக்குப் போகும்.

ஒரு கையை ஓரிடத்தில் ஊன்றி, மற்றக் கையால் தேடப் பழக்குங்கள். விரல் துண்டுதுண்டாகத்தான் பார்க்கும், முழுசை மனசில்தான் கூட்ட வேண்டும். விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தில் புள்ளிகளின் இடைவெளியே சுமார் 2.5 மில்லிமீட்டர்; படக் கோடுகளுக்கு நடுவே அதைப்போல் இரண்டு மடங்காவது விடுங்கள். பெயர்களைப் படத்துக்குள் திணிக்காமல் ஓரெழுத்துக் குறி போடுங்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயிலில் 'க', 'ம' எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே புள்ளிகள்தான் என்பதால், மலையாள மீடியத்துக்குச் செய்த படங்களையும் நாங்கள் கடன் வாங்குகிறோம்.

பரீட்சையில் படக் கேள்விக்கு மாற்றுக் கேள்வி உண்டே என்று படத்தையே தள்ளிவிடும் ஆசிரியர்களிடம் மட்டும் சண்டை போடுங்கள்.

செலவு அதிகமில்லை. தையல்காரர் கோடு குறிக்க வைத்திருக்கும் பல்சக்கரமும் தடித்த தாளும் அடியில் ரப்பர் ஷீட்டும் போதும். சக்கரத்தைத் தாளின் பின்பக்கம் உருட்டினால்தான் முன்பக்கம் புள்ளி எழும்பும், அதனால் இடவலம் மாற்றி வரையுங்கள்.