நீச்சல் பூல் மோட்டர் காத்து இழுக்குது, நிலத்தை உடைக்கவோ?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் நல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துறம், வெளிநாட்டில இருந்து சனம் பிள்ளையளோட வந்து நிக்கிறதால ஒரு பூலும் கட்டினனாங்கள். ஒரு மாசமா மோட்டர் போட்டா கண்ணாடி மூடிக்குள்ள ஒரே குமிழி, பூலுக்குள்ள தண்ணி திரும்பி வாற ஓட்டையாலயும் குமிழி, பில்டரில இருக்கிற மீட்டர் முள்ளும் ஆடிக்கொண்டே நிக்குது. வந்து பாத்தவர் நிலத்துக்குள்ள பைப் வெடிச்சிட்டுது, மாபிளை உடைக்கோணும் எண்டுறார். ஆனா ஒரு இடத்திலயும் ஈரமே இல்லை. என்ன செய்ய?

பதில்: உடைக்காதேங்கோ தங்கச்சி, இப்ப வேண்டவே வேண்டாம். பூலில இருந்து மோட்டருக்கு வாற பைப்பில தண்ணியை இழுக்கிற இழுவைதான் இருக்கு, அதில ஓட்டை விழுந்தா மோட்டர் ஓடேக்க தண்ணி வெளிய வராது, காத்து உள்ள போகும், அதாலதான் ஈரம் இல்லை. சைக்கிள் ரியூப்பை தண்ணிச் சட்டிக்குள்ள அமத்திப் பிடிக்கிற மாதிரி இதைப் பிடிக்க ஏலாது.

முதல்ல ஸ்கிம்மரைப் பாருங்கோ, பூல் சுவரில மேல் தண்ணியை இழுக்கிற பெட்டிதான் அது. தண்ணி அதின்ர வாய்க்கு நடுவளவில நிக்கோணும், குறைஞ்சா அதாலயே காத்துப் போகும், உள்ள இருக்கிற ஆடுற கதவு இறுகி நிண்டாலும் இதே கதைதான்.

அது சரியெண்டா மோட்டர் மூடிக்கு வாங்கோ, என்ர அனுபவத்தில அரைவாசிக்கு மேல பிழை இஞ்சதான். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள படியிற அதே வெள்ளைப் படிவு ஓ ரிங் எண்டுற ரப்பர் வளையம் இருக்கிற பள்ளத்திலயும் படிஞ்சு கிடக்கும், கண்ணுக்கு வடிவாத் தெரியாது, விரலை வைச்சு ஒரு சுத்துத் தடவிப் பாருங்கோ மண் மாதிரி நறநற எண்டும். மெயின் சுவிச்சை நிப்பாட்டி, வால்வுகளைப் பூட்டி, மூடியைக் கழட்டி பழைய பல்லுத் தேய்க்கிற பிறஸ்சால தேய்ச்சுக் கழுவுங்கோ. ஓ ரிங்கை ரெண்டு விரலால வளைச்சா வெடிப்புத் தெரிஞ்சா புதுசு போடுங்கோ, மாபிள் உடைக்கிற காசோட பாத்தா அது ஒரு காசே இல்லை.

பிறகும் குமிழி வந்தா, மோட்டர் ஓடேக்க சேவ் எடுக்கிற நுரையை ஒவ்வொரு மூட்டிலயும் அப்புங்கோ, வால்வின்ர கைபிடி அடி, கீழ இருக்கிற தண்ணி வடிக்கிற மூடி, முக்கியமா மோட்டருக்குள்ள பைப் முறுக்கிப் பூட்டுற இடம். மோட்டர் தண்ணியில்லாம ஓடினா அந்த பிளாஸ்டிக் மரை சூட்டில சுருங்கிப் போகும், பிறகு எவ்வளவு ரேப் சுத்தினாலும் நிக்காது, மாத்தத்தான் வேணும். காத்து இழுக்கிற இடத்தில நுரையில ஒரு சின்னக் குழி விழும். இன்னொண்டு, மோட்டரை நிப்பாட்டுற அந்தக் கணம் ஒராளை பக்கத்தில நிண்டு பாக்கச் சொல்லுங்கோ, பில்டருக்குள்ள அமங்கின காத்து திருப்பித் தள்ளேக்க அந்த ஓட்டையால ஒரு சொட்டு எட்டிப் பாக்கும்.

இதெல்லாம் சரியெண்டா பிறகுதான் நிலத்துப் பைப். ஸ்கிம்மர் வால்வைப் பூட்டி பூலின்ர அடி ஓட்டையால தண்ணி இழுக்கிற லைனில மட்டும் ஓட்டிப் பாருங்கோ, குமிழி நிண்டா பிழை ஸ்கிம்மர் லைனில. ஆனா அந்த நேரம் பூலுக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது, பிள்ளையளை கிட்டவும் விடாதேங்கோ, முழு இழுவையும் அடி ஓட்டைக்குப் போறதால தலைமயிரோ உடம்போ ஒட்டிப் பிடிச்சா இழுத்தெடுக்க ஏலாது. லைன் தெரிஞ்சா அதை மட்டும் ரெண்டு பக்கமும் அடைச்சு தண்ணியால அழுத்திப் பாக்கச் சொல்லுங்கோ, காத்தால அழுத்த விடாதேங்கோ, அடைப்பு குண்டு மாதிரிப் பறக்கும். அதிலயும் அழுத்தம் இறங்கினாத்தான் மாபிளில கை வையுங்கோ.

கேள்வி: ஓ ரிங்குக்கு வாஸ்லீன் பூசலாமோ? வீட்டில அதுதான் கிடக்குது.

பதில்: வேண்டாம் தம்பி. அது பெற்றோலியத்தில இருந்து வாறது, சில ரப்பரை ஊதப் பண்ணிப் பழுதாக்கிப் போடும். சிலிக்கன் கிரீஸ் எண்டு கேட்டு வாங்குங்கோ, ஓ ரிங் மினுங்கிற அளவுக்கு மெல்லிசாப் பூசினாக் காணும்.