டொராண்டோவில் முதல் வீடு: ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுக்கலாமா?

கேள்வி: கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து, மனைவி, ஏழு வயது மகளோடு மார்ச்சில் டொராண்டோ போகிறேன். மனைவிக்கு டவுன்டவுனில் வேலை உறுதியாகிவிட்டது. நான் போய்த்தான் தேட வேண்டும். மைத்துனர் நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் மாதம் 1,600 டாலருக்கு ஒரு பேஸ்மென்ட் (தரைக்குக் கீழ்த்தள வீடு) பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் ஒரு வருட ஒப்பந்தமும், ஆறு மாத வாடகை அட்வான்ஸும் கேட்கிறார். கோவை ஃப்ளாட்டை விற்று, நேராக வீடே வாங்கிவிடலாமா என்றும் தோன்றுகிறது. எது சரி?

பதில்: ஆறு மாத வாடகையைக் கொடுக்காதீர்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி வீட்டுக்காரர் கேட்கக்கூடிய டெபாசிட் ஒரே ஒரு மாத வாடகைதான். அதுவும் நீங்கள் காலி செய்யும் கடைசி மாதத்துக்குக் கழியும். அதுவரை வருடா வருடம் அதற்கு வீட்டுக்காரர் உங்களுக்கு வட்டியும் தர வேண்டும். சேத டெபாசிட் என்று தனியாக வாங்க முடியாது. புதிதாக வருபவரிடம் ‘இங்கே கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கித் திருப்பிய பதிவு) இல்லையே’ என்று சொல்லி அதிகம் கேட்பது அங்கே சகஜம். ஆனால் அந்த ஹிஸ்டரி இல்லை என்பதையே காரணமாக வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பதுதான் ஒன்டாரியோ மனித உரிமை விதி. மனைவியின் வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், இந்தியாவில் வாடகைக்கு இருந்திருந்தால் அந்த வீட்டு உரிமையாளர் தரும் கடிதம் ஆகியவற்றைக் காட்டுங்கள். நல்ல வீட்டுக்காரருக்கு இது போதும்.

ஒரு வருட ஒப்பந்தத்தில் இங்கிருந்தே கையெழுத்து போடுவதும் வேண்டாம். போட்டுவிட்டால் இடையில் நினைத்தபடி கிளம்ப முடியாது. உங்களுக்கு எந்தப் பக்கம் வேலை கிடைக்கும் என்றே இன்னும் தெரியாது. முதல் மாதத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் பிடியுங்கள், மைத்துனர் வீடே ஆனாலும் சரி. வாடகை கொஞ்சம் கூடினாலும் அந்த ஒரு மாதம் வீண் போகாது. பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

அந்த பேஸ்மென்டை நேரில் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது தனி வாசல். அடுத்து, தீ பிடித்தால் ஏறி வெளியேறும் அளவு ஜன்னல் இருக்கிறதா, புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். தரையை ஒட்டிய சுவரில் வெள்ளை உப்புப் பூத்திருந்தாலோ ஈர வாசனை வந்தாலோ, குழந்தையோடு அங்கே குடி போகாதீர்கள். அப்புறம் பலரும் கேட்க மறக்கும் ஒன்று, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்பது. பெரும்பாலும் அது மேல்மாடியில், வீட்டுக்காரர் கையில் இருக்கும். குளிர்காலத்தில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது குறைத்து வைத்துவிட்டால் கீழே நீங்கள் நடுங்க வேண்டும். 21 டிகிரி சூடு தர வேண்டும் என்பது நகர விதி. அதை முதல் நாளே பேசிவிடுங்கள். மின்சாரம், கேஸ், தண்ணீர் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, துணி துவைக்க எந்த நேரம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒன்டாரியோவில் இதற்கென்றே அரசு வகுத்த ஒப்பந்தப் படிவம் இருக்கிறது. நீங்கள் எழுத்தில் கேட்டும் 21 நாளில் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கலாம்.

சமையலறையையோ பாத்ரூமையோ வீட்டுக்காரர் குடும்பத்தோடு பகிர வேண்டியிருந்தால், வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட வீட்டை ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நினைக்காதீர்கள்.

வாடகை மலிவா என்பதைப் பயணத்தையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்கார்பரோ டவுன் சென்டர் வழியாக ஓடிய ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நிரந்தரமாக நின்றுவிட்டது. அங்கிருந்து இப்போது கென்னடி சப்வே ஸ்டேஷனுக்கு பஸ்தான். புது சப்வே வேலை நடந்துகொண்டிருக்கிறது. காலை ஏழரைக்கு வீட்டு வாசலிலிருந்து மனைவியின் ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். மகளுக்கு எந்த அரசுப் பள்ளி என்பதையும் வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். முன்பணம் தருவதற்கு முன்பே பள்ளி வாரியத் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

அபார்ட்மென்ட் பார்ப்பதென்றால், கட்டடம் எப்போது வந்தது என்று கேளுங்கள். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முறையாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு அரசின் வருடாந்தர வாடகை உயர்வு வரம்பு கிடையாது. பழைய கட்டடத்தில் அந்த வரம்பு 2025-இல் 2.5 சதவீதம், 2026-இல் 2.1 சதவீதம். பளபளப்பான புது காண்டோ ஃப்ளாட்டில் அடுத்த வருடம் எவ்வளவு கேட்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. என் ஓட்டு பழைய கட்டடத்துக்குத்தான்.

வாங்கும் யோசனையைத் தள்ளிப் போடுங்கள். பி.ஆர். உள்ளவர்களுக்கு வெளிநாட்டவர் வீடு வாங்கும் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் செலவைப் பாருங்கள். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு, கடன் போக நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய குறைந்தபட்ச முன்பணம் 55,000 டாலர். அதோடு டொராண்டோவில் நில மாற்று வரியை மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று இரண்டாகக் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து 24,950 டாலர். முதல் வீடு வாங்குவோருக்கு இதில் 8,475 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். ஆனால் உலகில் எங்கும் சொந்த வீடு வைத்திருந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கோவை ஃப்ளாட் உங்கள் பெயரில் இருந்தால் அதை விற்றாலும் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. நீங்களும் வேலையில் சேர்ந்து, ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகு இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். அதுவரை ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டு வையுங்கள்.