யாருமே சாகாத ஒரு நாட்டைப் பற்றிய போர்ச்சுகீசிய நாவல் எது? அது என்ன சொல்ல வருகிறது?

நீங்கள் கேட்பது ஜோசே சரமாகோ 2005-இல் வெளியிட்ட நாவல். ஆங்கிலத்தில் ‘டெத் வித் இன்டரப்ஷன்ஸ்’ என்ற பெயரில் கிடைக்கிறது.

பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டில் ஜனவரி 1 முதல் சாவு நின்றுவிடுகிறது. முதலில் ஒரே கொண்டாட்டம். ஆனால் நோயும் முதுமையும் நிற்கவில்லையே! இழுத்துக்கொண்டு கிடப்பவர்கள் அப்படியே கிடக்கிறார்கள். மறுஉயிர்ப்பைப் போதிக்கும் திருச்சபைக்குக் கலக்கம். ஈமச்சடங்கு நடத்துவோர், வளர்ப்புப் பிராணிகளுக்காவது அடக்கத்தைக் கட்டாயமாக்குங்கள் என்று அரசிடம் மன்றாடுகிறார்கள். காப்பீட்டுக்காரர்களோ 80 வயதானால் செத்ததாகக் கணக்கு என்று சாமர்த்தியமாகச் சமாளிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் எல்லைக் காட்சி. சாக முடியாமல் தவிக்கும் கிழவர், தன்னைப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். குடும்பம் இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிச் செல்கிறது. எல்லை தாண்டியதும் உயிர் பிரிகிறது. பாசமா, கொலையா? ஊர் வாய்க்கு வந்தபடி பேசுகிறது. பிறகு இதையே ஒரு கும்பல் தொழிலாக்கிக்கொள்கிறது, அரசு கண்டும் காணாமல் இருக்கிறது. உருவகக் கதை என்றாலும் சாவைவிட, அதை நம்பிப் பிழைக்கும் அமைப்புகளைத்தான் சரமாகோ அதிகம் கிண்டலடிக்கிறார்.

ஏழு மாதம் கழித்துச் சாவு திரும்புகிறது, இம்முறை ஒரு வாரம் முன்னதாக ஊதா உறையில் கடிதம் அனுப்பிவிட்டு! செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற கருவியை வாசிக்கும் ஒரு கலைஞருக்குப் போன கடிதம் மட்டும் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறது. அப்புறம் அது, பெண் உருவில் வரும் சாவுக்கும் அந்தக் கலைஞருக்கும் இடையிலான காதல் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன்.

மேற்கோள் குறியே இல்லாத நீள நீள வாக்கியங்கள் ஆரம்பத்தில் படுத்தும். பத்துப் பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்.