மனிதர்களுக்கு வரும் சளி, காய்ச்சல் வீட்டுப் பூனைக்கும் தொற்றுமா?

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே காலடியில் சுருண்டிருக்கும் பூனையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வெறும் சளி என்றால் பயப்பட வேண்டாம். நமக்கு அடிக்கடி சளி பிடிக்க வைக்கும் ரைனோவைரஸ் பூனைக்கு ஒட்டுவதில்லை. ஃப்ளூவும் கொரோனாவும் அப்படியல்ல. 2009இல் ஃப்ளூவின் ஒரு வகையான பன்றிக்காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவின் அயோவாவில் 13 வயதுப் பூனைக்கு வீட்டுக்காரர்களிடமிருந்து தொற்றியது. 2020இல் நியூயார்க் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் புலிக்கே கொரோனா வந்தது.

போன வருடம் எனக்குக் கடுமையான ஃப்ளூ. ஏழு வருடமாக என் பூனை என் நெஞ்சின் மேல்தான் தூங்கும். தொற்றிவிடுமோ என்று அறைக் கதவைச் சாத்திவிட்டேன். இரவெல்லாம் கதவைப் பிறாண்டி அழுதது. நான்காம் நாள் திறந்தால், ஒரு கண் பாதி மூடிப் பீளை கட்டியிருக்கிறது, தொடர்ந்து தும்மல். சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது. என்னிடமிருந்துதான் வந்தது என்று உடைந்துபோனேன்.

அப்போது என்னைப் பார்க்க வந்திருந்த உறவினர், நான் போடும் பாராசிட்டமாலில் கால் துண்டைப் பொடித்துப் பாலில் கலந்தே விட்டார். கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டினேன். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும். கால் மாத்திரைகூட உயிரை எடுக்கலாம். "பூனைதானே, இதற்குப் போய் இவ்வளவு சத்தமா" என்று கேட்டார். அந்த வார்த்தையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, இது பூனைகளுக்கே உரிய ஹெர்பெஸ் வைரஸ், குட்டியில் வந்தது நரம்பில் ஒளிந்திருக்கும், மன அழுத்தம் வந்தால் தலைதூக்கும் என்றார். என் நோய் அதற்குப் போகவில்லை. நான் சாத்திய கதவுதான் அதை வாட்டியிருக்கிறது. கண் மருந்து போட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைத்து, வாசனை வரட்டும் என்று உணவைச் சூடாக்கிக் கொடுத்தேன். பத்து நாளில் தேறியது.

அதற்காக ஃப்ளூவோடு பூனையைக் கட்டிப்பிடித்துத் தூங்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஃப்ளூ, கொரோனா என்றால் வேறு யாராவது அதைக் கவனிக்கட்டும். ஆளில்லாவிட்டால் முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டு உணவு வையுங்கள், முத்தம் வேண்டாம். அப்புறம், அது தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.