கச்சேரிக்கு ஒரே பேருந்தில்: வாசகர் கேள்வி பதில்

பெங்களூரில் குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காக நடக்கவிருக்கும் ராக் இசை நிகழ்ச்சிக்கு மதுரை வட்டார ரசிகர்கள் ஒன்றாகப் பேருந்து பிடித்துப் போகவிருப்பதை ஒட்டி, இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அந்தப் பயணத்தைப் பற்றியே இருந்தது. ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ஒத்தக்கடை, மேலூர், சிலைமான், திருமங்கலம் எனப் பல ஊர்களைச் சேர்ந்த நாற்பது பேர் சேர்ந்து, வண்ண விளக்குகளும் பெரிய ஒலிபெருக்கிகளும் உள்ள ‘பார்ட்டி பஸ்’ ஒன்றை எடுக்கிறோம். வசூல் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பாதிப் பேருக்கு ஒருவரையொருவர் நேரில் தெரியாது. மனத்தாங்கல் வராமல் எப்படி வசூலிப்பது? மிச்சப் பணத்தை நிகழ்ச்சியின் நிதிக்கே கொடுத்துவிடலாமா?
(பொறியாளர், ஒத்தக்கடை)

பதில்: பயணச் செலவு ஒரு கணக்கு, நன்கொடை வேறொரு கணக்கு என்று முதல் நாளிலேயே பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே கையில் ஒரே தொகையாகச் சேர்ந்துவிட்டால், பிறகு எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டாலும் அதை நிரூபிப்பது கடினம். நம் பக்கத்து விசேஷ வீடுகளில் எழுதப்படும் மொய் நோட்டை விடச் சிறந்த முறை இதற்குக் கிடையாது: பெயர், ஊர், தொகை ஆகிய மூன்றும் கொடுத்தவர் கண் முன்னாலேயே எழுதப்படுகின்றன. அதைப் போலவே, யார் எவ்வளவு கொடுத்தார், எது எதற்குச் செலவானது என்ற பட்டியலை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். வரவு வரும் அன்றே அதில் ஏற்றுங்கள்.

அடுத்தது, ஆள் கணக்கு. வண்டி வாடகை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாற்பது பேருக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் வரும். ஆனால் நாற்பது பேர் பெயர் கொடுத்தால் நாற்பது பேரும் வருவார்கள் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கடைசி வாரத்தில் ஆறு பேர் விலகினால் ஆளுக்கு ஏறக்குறைய 1,765 ரூபாய் ஆகிவிடும். அந்த நேரத்தில் கூடுதல் பணம் கேட்கும்போதுதான் மனக்கசப்பு தொடங்குகிறது. முப்பத்து நான்கு பேர் என்று கருதியே வசூலியுங்கள். விலகுபவருக்கு எந்தத் தேதி வரை பணம் திரும்பும், அதற்குப் பிறகு அவரே மாற்று ஆளைப் பிடித்துத் தர வேண்டுமா என்பதை வசூல் தொடங்கும் முன்பே எழுதி அறிவித்துவிடுங்கள். வாடகையைப் பேசும்போது ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், வெளிமாநில பெர்மிட், வாகன நிறுத்தக் கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவை அதில் அடங்குமா என்றும், கிலோமீட்டர் கணக்கு உங்கள் ஏறுமிடத்திலிருந்தா அல்லது வண்டியின் ஷெட்டிலிருந்தா என்றும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை நிதிக்குக் கொடுப்பது நல்ல எண்ணம்தான். ஆனாலும் அது உங்கள் பணம் அல்ல. உங்களோடு வருபவர்களில் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். எல்லோர் முன்னிலையிலும் ‘கொடுத்துவிடலாமா’ என்று கேட்டால், மறுக்க முடியாமல் அவர் தலையசைப்பார். ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள். திரும்ப வேண்டும் என்பவருக்கு அவர் பங்கைக் காரணம் கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, நாங்கள் பேசியிருக்கும் பேருந்தின் உரிமையாளர், ஒரே ஓட்டுநர் போதும் என்கிறார். வண்டியில் ஆடிக்கொண்டே போகலாம் என்றும், திண்டுக்கல்லிலும் சேலத்திலும் வெளியாட்களை ஏற்றிக்கொண்டால் வாடகையைக் குறைத்துத் தருவதாகவும் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
(பட்டதாரி மாணவர், திருநகர்)

பதில்: மூன்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டுநர் பற்றியதை முதலில் சொல்கிறேன், ஏனெனில் நாற்பது உயிர்கள் அதைச் சார்ந்திருக்கின்றன.

மதுரையிலிருந்து பெங்களூருக்குத் திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஏறக்குறைய 435 கிலோமீட்டர். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்திச் செல்லும் பேருந்துக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் ஆகும். காலையில் புறப்பட்டு, மாலையில் நிகழ்ச்சி பார்த்து, நள்ளிரவில் திரும்புவது உங்கள் திட்டம் என்றால், அதே ஓட்டுநர் ஒரே நாளுக்குள் இரண்டு முறை அந்தத் தொலைவை ஓட்ட வேண்டியிருக்கும். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்பதைப் பொது வரம்பாக வைத்து, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி நேர ஓய்வும் வேண்டும் என்றது. நீங்கள் உள்ளே பாட்டுக் கேட்கும் நேரத்தில் ஓட்டுநர் நிறுத்துமிடத்தின் இரைச்சலில் இருக்கையில் சாய்ந்து கிடப்பது ஓய்வாகாது. திரும்பும் வழியில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. சேலம் நோக்கி வருபவர்களுக்கு அது நீண்ட இறக்கம். விபத்துகளுக்குப் பெயர் போன இடம். கண் அசரும் விடியற்காலையில் அந்த இறக்கத்தைக் கடக்கப்போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு ஓட்டுநர்களைக் கேளுங்கள். முடியாது என்றால் இரவு பெங்களூரில் தங்கி, காலையில் புறப்படுங்கள். கூடுதலாக ஆகும் பணம் நாற்பது பேருக்குப் பங்கிட்டால் பெரிதல்ல.

வழியில் வெளியாட்களை ஏற்றுவது சட்டப்படியே தவறு. நீங்கள் எடுப்பது ஒப்பந்த வண்டி. ஒப்பந்தத்தில் இல்லாதவர்களை இடையில் ஏற்றி இறக்க அதற்கு அனுமதி இல்லை. உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் திண்டுக்கல்லில் ஏறுகிறார் என்றால், அவர் பெயர் புறப்படும்போதே பயணிகள் பட்டியலில் இருக்க வேண்டும். எல்லை தாண்டும் சுற்றுலா வண்டியில் அந்தப் பட்டியலும், மாநிலம் கடக்கும் பெர்மிட்டும், நடப்பில் உள்ள எஃப்சி எனும் வாகனத் தகுதிச் சான்றும், காப்பீட்டுச் சான்றும் கையில் இருப்பதை முன்பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். அவற்றின் நகலைக் கேட்டதற்காகக் கோபப்படும் உரிமையாளரின் வண்டி உங்களுக்கு வேண்டாம்.

ஓடும் வண்டியில் எழுந்து ஆடுவதைப் பற்றி: கேரளத்தில் 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி அருகே, பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலம், சுற்றுலாப் பேருந்துகளின் கண்ணைப் பறிக்கும் விளக்குகள் மீதும் அளவுக்கு மீறிய ஒலி அமைப்புகள் மீதும் கடும் நடவடிக்கை எடுத்தது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நாடு முழுவதும் தடுக்கிறது. நடைபாதையில் நிற்பவர், ஓட்டுநர் திடீரெனப் பிரேக் போட்டால் முன்னால் வந்து விழுவார். வண்டி நிற்கும் இடங்களில் கீழே இறங்கி மனம் நிறைய ஆடுங்கள். ஓடும்போது உட்கார்ந்து பாடுங்கள். அவசர வழியை ஒலிபெருக்கிப் பெட்டிகள் மறைக்கவில்லை என்பதையும் ஏறும்போதே கவனியுங்கள்.

கேள்வி: ஐயா, ராக் என்ற பெயரில் இரவெல்லாம் கூச்சலிட்டுவிட்டு அதற்குத் தருமம் என்று பெயர் சூட்டுவது முறைதானா? உண்மையில் அந்தப் பணம் நோயுற்ற குழந்தைகளுக்குப் போய்ச் சேரும் என்பதற்கு என்ன உறுதி? என் பேரன் போகிறான் என்பதால் கேட்கிறேன்.
(ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மேல மாசி வீதி)

பதில்: தங்கள் இரண்டாவது கேள்வி மிகவும் தேவையானது. முதல் கேள்வியில் மட்டும் பணிவோடு மாறுபடுகிறேன். பாட்டுப் பாடி அறத்துக்குப் பொருள் சேர்ப்பது நம் ஊருக்குப் புதியது அல்ல. 1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, எண்ணற்ற நற்பணிகளுக்காகக் கச்சேரி செய்து பொருள் ஈட்டித் தந்தவர். 1974இல் அவருக்கு வழங்கப்பட்ட மகசேசே விருது பொதுச் சேவைக்கானது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ராக் இசையில் இந்த வழக்கத்துக்கு அடித்தளம் இட்ட நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் ஓர் இந்தியக் கலைஞரே இருக்கிறார். கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் அகதிகளாக வந்து துன்புற்றபோது, சித்தார் மேதை ரவிசங்கர் தம் நண்பரும் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்தவருமான ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். அதன் விளைவாக 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா ஆகியோரின் இந்துஸ்தானி இசையே முதலில் ஒலித்தது. கிதாரும் டிரம்ஸும் அதற்குப் பிறகுதான் வந்தன.

தங்கள் இரண்டாவது கேள்விக்கான பாடமும் அதே கச்சேரியில்தான் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வசூலான ஏறக்குறைய 2,43,000 டாலர் சில நாட்களிலேயே ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃபிடம் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டிய, அதைவிடப் பன்மடங்கு பெரிய தொகை, வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காத காரணத்தால் அமெரிக்க வரித்துறையின் பிடியில் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் நல்ல மனத்தோடுதான் உழைத்தார்கள். இருந்தும் பசித்தவருக்குப் பணம் தாமதமாகவே போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே தங்கள் பேரனிடம் மூன்று செய்திகளை விசாரிக்கச் சொல்லுங்கள். நிதியைப் பெறுவது எந்த மருத்துவமனை அல்லது அறக்கட்டளை, அதை அந்த நிறுவனமே உறுதி செய்கிறதா? ‘வசூல் முழுவதும்’ என்று அறிவித்திருக்கிறார்களா, அல்லது ‘இலாபத்தில் ஒரு பகுதி’ என்றா? மேடை, ஒலி, ஒளி, கலைஞர்களின் ஊதியம் ஆகிய செலவுகளைக் கழித்த பிறகு இலாபம் என்று எதுவுமே மிஞ்சாமல் போகலாம் என்பதால், இந்த வேறுபாடு மிகவும் பெரியது. மூன்றாவது, நிகழ்ச்சிக்குப் பிறகு கணக்கை வெளியிடுவதாகத் தேதி குறிப்பிட்டிருக்கிறார்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் அவனை மகிழ்ச்சியோடு அனுப்பி வையுங்கள்.

கேள்வி: என் நுழைவுச்சீட்டு விலைக்கும், பேருந்துக் குழு மொத்தமாகக் கொடுக்கும் நன்கொடையில் என் பங்குக்கும் வருமான வரிச் சலுகை கிடைக்குமா?
(வங்கி ஊழியர், கே.கே. நகர்)

பதில்: 80ஜி என்ற பெயரில் நாம் அறிந்த சலுகை, கைம்மாறு இன்றிக் கொடுக்கும் நன்கொடைக்கு உரியது. நுழைவுச்சீட்டுக்கு ஈடாகத் தாங்கள் கச்சேரி கேட்கிறீர்கள் என்பதால் அது நன்கொடையாகாது. குழுவாகக் கொடுத்தால் இரசீது பணம் அனுப்பியவர் பெயரில்தான் வரும். ஆகவே சலுகை வேண்டுபவர்கள் தனித்தனியே அறக்கட்டளையின் கணக்குக்கு நேரடியாக அனுப்புவதே சரி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை.

கேள்வி: ஐயா, பத்தொன்பது வயதான என் மகள் இந்தப் பயணத்துக்கு அனுமதி கேட்கிறாள். அனுப்பவும் பயமாக இருக்கிறது, மறுக்கவும் மனம் வரவில்லை.
(ஒரு தாய், உசிலம்பட்டி)

பதில்: அம்மா, அனுப்பலாம் என்றே நினைக்கிறேன், சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. அவளுக்குத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள், பயண ஏற்பாட்டாளரின் பெயரும் எண்ணும் உங்களிடம் இருக்கிறதா, திரும்பும்போது எங்கே எந்த நேரத்தில் இறக்கிவிடுகிறார்கள் என்பவை முக்கியமானவை. வண்டி மதுரைக்கு வரும் நேரம் இருட்டாக இருந்தால், புறவழிச்சாலை ஓரத்தில் இறங்காமல், ஆள் நடமாட்டம் உள்ள மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலேயே இறங்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போய் அழைத்து வாருங்கள். வண்டிக்குள் மது கூடாது என்ற விதியைக் குழு வெளிப்படையாக ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒன்றில் மழுப்பலான பதில் வந்தால் அனுப்ப வேண்டாம். அவசர உதவிக்கான 112, மகளிர் உதவிக்கான 181 ஆகிய எண்கள் அவள் கைப்பேசியில் இருக்கட்டும். கேட்டு அனுமதி பெற வேண்டும் என்று நினைக்கும் மகளிடம் இவற்றை நீங்கள் நேராகவே பேசலாம்.

கேள்வி: போன ஆண்டு ஒரு கச்சேரிக்குப் போய் வந்தபின் இரண்டு நாட்கள் காதில் ரீங்காரம் இருந்தது. இந்த முறை என்ன செய்ய வேண்டும்?
(கைப்பேசி பழுதுபார்ப்பவர், திருமங்கலம்)

பதில்: அந்த ரீங்காரம், உள்காதின் நுண்ணிய செல்கள் தாங்க முடியாத ஒலியைப் பெற்றதன் அடையாளம், அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்பதே பாதுகாப்பின் எல்லை என்று கருதப்படுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் தரநிலை வகுத்திருக்கிறது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கிகளிலிருந்து தள்ளி நின்று கேளுங்கள். பாட்டு நன்றாகவே கேட்கும். நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் ஒன்பது மணி நேரம் பேருந்துக்குள்ளும் ஒலிபெருக்கி முழங்கினால் காதுக்கு ஓய்வே கிடைக்காது என்பதால், போகும் வழியில் பக்கத்து இருக்கைக்காரரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிற அளவுக்கு ஒலியை வைக்கவும், திரும்பும் வழியில் முழுவதுமாக நிறுத்தவும் குழுவிடம் இப்போதே பேசி வையுங்கள். இந்த முறையும் ரீங்காரம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.