முதலில் பில்லைத் தேடுங்கள்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். 2009-ல் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை டீலரிடம் முழு விலை கொடுத்து வாங்கினேன். போன மாதம் அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. சிடி இருக்கிறது. லைசென்ஸ் கீ இருந்த அட்டை கடை மாற்றியபோது தொலைந்துவிட்டது. டீலர் எடுத்தெறிந்து பேசுகிறார். கம்பெனியோ அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டோம், புதிதாகச் சந்தா கட்டுங்கள் என்கிறது. ஒரு காலத்தில் இதே சிடியில் மூன்று சிஸ்டம் ஓட்டினோம். சர்வீஸ் பார்க்கும் தம்பி, நெட்டிலிருந்து கீ எடுத்து இப்போதுள்ள மூன்று சிஸ்டத்திலும் போட்டுத் தருகிறேன் என்கிறார். காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே, போட்டுக்கொள்ளலாமா? டீலர், கம்பெனி இருவரிடமும் நஷ்ட ஈடு கேட்கலாமா?

பதில்: டீலர் பேசிய பேச்சையும் கம்பெனியின் அலட்சியத்தையும் ஓரமாக வையுங்கள். அவற்றுக்கு வழக்கு கிடையாது. கீயைக் காலத்துக்கும் பத்திரமாக வைத்திருப்பதாக டீலர் உங்களுக்கு எழுதித் தரவில்லை. பழைய பதிப்புக்கு என்றைக்கும் உதவி செய்வதாகக் கம்பெனியும் சொல்லவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பதும், புகார் கொடுக்க உள்ள இரண்டு வருடக் கெடு முடிந்துவிட்டது என்பதும் எதிர்த்தரப்பின் முதல் இரண்டு வாதங்களாக இருக்கும். அதில் அலைய வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: 2009-ல் உரிமம் வாங்கியதற்கு இன்று ஆதாரம் காட்ட முடியுமா? நீங்கள் வாங்கியது உரிமம். கீ அதைத் திறக்கும் எண் மட்டுமே. எண் தொலைந்தாலும் உரிமம் தொலையவில்லை. ஆனால் பில் இல்லாமல் எண் மட்டும் இருந்தால், உரிமம் இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் பில்லைத் தேடுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் அந்த வருடக் கணக்கைக் கேளுங்கள். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் அப்போது 60 சதவீதம் தேய்மானம் (வருடா வருடம் பொருளின் மதிப்பில் கழிக்கும் தொகை) உண்டு. தேய்மானப் பட்டியலில் அந்தத் தொகை ஏறியிருந்தால் அதுவே நல்ல துணை ஆதாரம். வாட் காலத்து பில் நகல், வங்கிக் கணக்கில் காசோலை போன பதிவு, மென்பொருளைப் பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சல் என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

கீயை மீட்கும் முயற்சியும் தாராளமாகச் செய்யலாம். மதர்போர்டுதான் போயிருக்கிறது, ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை ஃபார்மேட் செய்ய யாரையும் விடாதீர்கள். முதலில் முழு நகல் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் இடம்) பதிந்திருக்கும் உங்கள் சொந்தக் கீயைத் தேடட்டும். உங்கள் டிஸ்க்கிலிருந்து உங்கள் கீயை எடுப்பதில் தவறே இல்லை. சட்டப்படி ஒரு பிரதியை வைத்திருப்பவர், வாங்கிய நோக்கத்துக்காக அதைப் பயன்படுத்தத் தேவையான நகலை எடுக்கலாம், அழிவுக்கு எதிரான காப்பு நகலும் வைத்திருக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவே சொல்கிறது.

தம்பி சொல்வது இதுவல்ல. நான் பயப்படுவது அந்த யோசனைக்குத்தான். என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் முதல் நாளிலிருந்தே திருட்டு மென்பொருள் வைத்திருந்தவர்களைவிட, காசு கொடுத்து வாங்கிவிட்டு, அந்தத் தைரியத்தில் பிறகு கிராக் (பூட்டை உடைத்த பதிப்பு) போட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துத்தான் அதிகம் வருந்தியிருக்கிறேன். நெட்டிலிருந்து இறக்கும் கிராக் பதிப்பு நீங்கள் வாங்கிய பிரதியே அல்ல. 2009-ல் கட்டிய பணம் அதற்குப் பொருந்தாது. உங்கள் சிடியையே போட்டு, அடுத்தவர் கீயைக் கொடுத்தாலும் சிக்கல்தான். வாதாட இடம் உண்டு, ஆனால் அந்த வாதம் விசாரணையில்தான் கேட்கப்படும். அதற்கு முன் நடப்பதை யோசியுங்கள்.

திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் அதே சட்டத்தின் 63பி பிரிவின்படி குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடச் சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. தொழிலுக்காகப் பயன்படுத்தாதவருக்குச் சிறை இல்லாமல் விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. அச்சகக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. இதே அதிகபட்சத் தண்டனை உள்ள 63-ம் பிரிவுக் குற்றம் (தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது) பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதைவிடப் பெரிய அடி 64-ம் பிரிவு. சார்பு ஆய்வாளர் அந்தஸ்தில் உள்ளவரே வாரண்ட் இல்லாமல் பறிமுதல் செய்யலாம். நடைமுறையில் மென்பொருளை மட்டும் பிரித்து எடுக்க மாட்டார்கள், சிபியு மொத்தமாகப் போகும். முகூர்த்த சீசனில் பாதி முடிந்த பத்திரிகைகள், ஆண்டு மலர் வேலைகள், வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் அதோடு போகும். திருப்பிக் கேட்டு 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், ஆனால் கல்யாண தேதி உங்கள் மனுவுக்காகக் காத்திருக்காது. அச்சகத்தை முடக்குவது பெரும்பாலும் இந்தப் பறிமுதல்தான், தண்டனை வரை போக வேண்டியதே இல்லை.

அடுத்து, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இதே சிடியில் மூன்று சிஸ்டம் ஓட்டினோம்.” படித்ததும் அங்கேதான் நின்றேன். உங்கள் உரிமம் எத்தனை சிஸ்டத்துக்கு? ஒன்றுக்குத்தான் என்றால், அது உங்கள் கைப்பட எழுதிய ஒப்புதல். கோபத்தில் இதே கதையைக் கம்பெனிக்கு மின்னஞ்சலாக அனுப்பாதீர்கள். புகார் எழுதப் போய், தன் மீதான வழக்குக்குத் தானே ஆதாரம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. பில் நகலை இணைத்து, “இந்த உரிமத்தின் எண்ணைப் பதிவேட்டிலிருந்து தாருங்கள்” என்று இரண்டு வரி கேளுங்கள், போதும். ஏற்கெனவே தம்பி ஏதாவது போட்டிருந்தால் இன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். நோட்டீஸ் வந்த பிறகு அவசரமாக அழித்தால் ஆதாரத்தை அழித்தார் என்ற பெயரும் சேரும்.

என்னைக் கேட்டால், பில்லோ கீயோ ஒரு மாதத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் பழைய உரிமத்தை விட்டுவிட்டு ஒரு சிஸ்டத்துக்குப் புதிதாக வாங்குங்கள். மலிவு விலையில் இணையத்தில் விற்கும் கீ வேண்டாம், பல இடங்களில் அது ஏதோ நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த எண். பழைய கோப்புகள்தான் கவலை என்றால், அதே மென்பொருளை முறையாக வைத்திருக்கும் நண்பர் அச்சகத்தில் திறந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை கம்பெனி வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தால், வீறாப்பாகப் பதில் எழுதாமல் சமாதானம் பேசுங்கள். எஃப்ஐஆர் ஆகும் முன் பேசுவதுதான் புத்திசாலித்தனம். அதன் பிறகு இருவரும் கைகுலுக்கினாலும் வழக்கு தானாக முடியாது, ரத்து கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். பேசி முடிக்கும்போது பலர் விடும் தவறு, புதிய உரிமத்துக்குப் பணம் கட்டிவிட்டு அந்த ரசீதோடு வந்துவிடுவது. அந்த ரசீது இனிமேல் பயன்படுத்துவதற்கு மட்டுமே. கடந்த காலப் பயன்பாடு குறித்து எந்தக் கோரிக்கையும் இல்லை, புகாரும் கொடுக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.