மூளை, நரம்பு மண்டலத்தின் அடிப்படை அமைப்பை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

பிசியோதெரபி முதலாண்டில் நானும் இதே பாடுதான் பட்டேன். பெருமூளை, சிறுமூளை, முகுளம், தலாமஸ் என்று வரிசையாக எழுதிவைத்துப் படிப்பேன், மறுநாள் பாதி மறந்திருக்கும். ஒருநாள் அவசரமாக நடந்தபோது வலது கால் கட்டைவிரல் கட்டில் காலில் நங்கென்று இடித்தது. வலி தணிந்த பிறகு, அந்த ஓரிரு நொடியில் உள்ளே என்னென்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குப் புரிந்தது இன்றுவரை மறக்கவில்லை. அந்த வழியாகவே சொல்கிறேன்.

விரலிலிருந்து செய்தியைக் கொண்டுபோகும் இழை, ஒரே ஒரு செல்லின் நீட்சி. அந்தச் செல்லின் உடல் காலில் இல்லை. முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு நரம்பு முடிச்சில் இருக்கிறது. விரலிலிருந்து அங்கே வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம், அத்தனைக்கும் ஒற்றைச் செல்! இப்படிப்பட்ட இழைகள் கட்டாகச் சேர்ந்ததைத்தான் நரம்பு என்கிறோம். உடற்கூறு வகுப்பில் தொடையின் பின்பக்கம் இறங்கும் சயாட்டிக் நரம்பைத் தொட்டுப் பார்த்தபோது அசந்துபோனேன். நரம்பென்றால் நூல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், இதுவோ விரல் தடிமனில் ஒரு வெள்ளைக் கயிறு.

அடுத்தது தண்டுவடம். பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம். முதுகெலும்பின் அடி வரை அது போவதில்லை, இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரைவால் போலத் தொங்கும். பரிசோதனைக்காக முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது டாக்டர்கள் அதற்குக் கீழேதான் குத்துவார்கள், தண்டுவடத்தில் ஊசி பட்டுவிடக் கூடாது என்பதால். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 ஜோடியும் புற நரம்பு மண்டலம்.

சரி, செய்தி தண்டுவடத்துக்கு வந்தாயிற்று. மூளைக்குத் தெரியும் முன்பே அங்கிருந்து "காலை எடு" என்று கட்டளை போய்விடுகிறது. அதோடு, நாம் விழுந்துவிடாதபடி இடது காலை விறைப்பாக்கவும் ஒரு கட்டளை போகிறது. இரண்டுமே தண்டுவடத்தின் வேலை. அப்புறம் ஒற்றைக்காலில் தத்தும்போது தடுமாறாமல் பார்த்துக்கொள்வதில் பின்மண்டையின் கீழே இருக்கும் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நியூரான்களில், அதாவது நரம்புச் செல்களில், 6,900 கோடி அதில்தான் இருக்கின்றன.

இடித்ததும் முதலில் சுரீரென்று ஒரு வலி, கொஞ்சம் பொறுத்து விண்விண்ணென்று இன்னொன்று. கவனித்திருப்பீர்கள். முதலாவது, மயலின் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை போட்ட இழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டாவது, உறையில்லாத இழைகளில் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் வருகிறது. விரலைத் தேய்த்துவிட்டால் இதமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: தொடுவுணர்வு இழைகள் இன்னும் வேகமானவை, அவை தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கருத்து இது.

வலிச் செய்தி தண்டுவடத்துக்குள்ளேயே எதிர்ப்பக்கம் தாண்டி, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டு வழியாக, மூளையின் நடுவே உணர்வுச் செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸுக்கு ஏறி, பெருமூளையின் மேற்பரப்புக்குப் போகிறது. காலுக்கான இடம் உச்சியில், இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவே மடிந்த பகுதியில் இருக்கிறது. கைக்கும் முகத்துக்கும் பக்கவாட்டில், அதுவும் தாராளமாக. பக்கவாட்டுப் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடும்போது கால் ஓரளவு தப்பி, கையும் முகமும் அதிகம் பாதிக்கப்படுவது இதனால்தான். கீழே இறங்கும் இயக்கக் கட்டளைகளில் பெரும்பகுதி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறுகிறது. அதனால் இடப்பக்க மூளை அடிபட்டால் வலப்பக்க உடல் செயலிழக்கிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிப்பது அதே முகுளம்தான். பக்கவாதம் வந்தவரின் கை அசையாதபோதும் மூச்சு சீராக ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அமைப்பின் மேல் மரியாதை கூடுகிறது.

கடைசியாக, பேச்சு. பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861இல், "டான்" என்ற ஓரசை தவிர எதுவும் பேச முடியாத ஒருவர் இறந்த பிறகு அவரது மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க நெற்றி மடலில் சேதம் இருப்பதைக் கண்டார். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவருக்கும் இடப்பக்கம்தான் பாதிப்பு. மனைவி பெயரைக்கூடச் சொல்ல வராமல் கண்கலங்குவார். ஒருநாள் நடக்கப் பழகும்போது நாற்காலியில் விரலை இடித்துக்கொண்டு, "ஐயோ அம்மா!" என்றார், அவ்வளவு தெளிவாக. பேச்சு திரும்பிவிட்டது என்று அவர் மனைவி ஓடிவந்தார். யோசித்துச் சொல்லும் சொல்லுக்கும் பழக்கத்தில் தானாக வரும் சொல்லுக்கும் மூளையில் வழி ஒன்றல்ல என்று அவருக்கு விளக்கினேன். முகம் வாடியது. ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் அந்தத் தானாக வரும் வழியைத்தான் பிடித்துக்கொண்டார். மறுவாரம் எல்லோரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினோம். ஏழு வரைக்கும் பெரியவரும் கூடவே வந்தார்.